சமையலறைத் தரை டைல்ஸ் இடுக்குகளை அமிலம் இல்லாமல் சுத்தம் செய்யும் முறை

சமையலறையில் டைல்ஸ் பளிச்சென்று இருக்க, அவற்றின் நடுவே ஓடும் கோடுகள் மட்டும் கறுத்துக் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். அந்த இடுக்குகளில் நிரப்பப்பட்டிருப்பதுதான் கிரவுட். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் வெள்ளை சிமென்ட்டில் நிறப்பொடி கலந்த கலவையாகவும், அண்மையில் கட்டிய வீடுகளில் பாக்கெட்டில் வரும் ஆயத்தக் கலவையாகவும் இருக்கும். இரண்டுக்கும் அடிப்படை சிமென்ட்தான். டைல்ஸின் மேற்பரப்பு நீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. சிமென்ட்டோ நுண்துளைகள் நிறைந்தது. போதாததற்கு, டைல்ஸின் மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தும் இருக்கிறது. தரையைத் துடைக்கும்போது அழுக்கு நீர் அந்தப் பள்ளத்தில் வடிந்து நிற்கிறது. நீர் உலர்ந்ததும் அதிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சோப்பும் துளைகளுக்குள் தங்கிவிடுகின்றன. ஆகவே, கறுப்புக்கு முதற்காரணம் தாளிப்புப் புகையோ கொட்டிய குழம்போ அல்ல. நாம் அன்றாடம் துடைக்கும் வாளித் தண்ணீரே.

தொடங்கும் முன்பு ஒரு சிறு சோதனை செய்துகொள்ள வேண்டும். நன்றாக உலர்ந்த ஓர் இடுக்கின் மீது சில சொட்டு நீரை விட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நீர் உள்ளே இறங்கி அந்த இடம் கருமையாகத் தெரிந்தால், அது மேற்பூச்சு இல்லாத சிமென்ட் கிரவுட். நீர் முத்துப்போல அப்படியே நின்றால், அது எப்பாக்சி என்ற செயற்கைப் பிசின் கிரவுட்டாகவோ, நீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் என்ற திரவம் ஏற்கெனவே பூசப்பட்டதாகவோ இருக்கலாம். அத்தகைய இடுக்குகளில் அழுக்கு மேலோட்டமாகவே படிந்திருக்கும் என்பதால், பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீரும் பிரஷும் போதும். கீழ்க்காணும் பாடு பெரும்பாலும் தேவைப்படாது.

எதைத் தொடக்கூடாது?

கறுத்த தரையைக் கண்டதும் பலரும் கழிவறைக்கு வாங்கி வைத்த ஆசிட்டை எடுத்துவந்து ஊற்றுகிறார்கள். கறுப்பு உடனே போவது உண்மைதான். ஆனால் போவது அழுக்கு மட்டுமல்ல. சிமென்ட்டில் உள்ள கால்சியம் சேர்மங்கள் அமிலத்தில் கரையக்கூடியவை. அப்போது நுரைத்து வருவது கிரவுட்டின் மேல்தோல்தான். தோல் உரிந்த கிரவுட் முன்பைவிடச் சொரசொரப்பாகி, துளைகள் பெரிதாகி, அடுத்த முறை இன்னும் விரைவாகக் கறுக்கும். இதையே சில ஆண்டுகள் தொடர்ந்தால் இடுக்கு பொடிந்து உதிரத் தொடங்கும். வினிகரும் எலுமிச்சைச் சாறும் இதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. தரை கடப்பாக் கல்லாகவோ பளிங்காகவோ இருந்தால் கல்லே அரிக்கப்படும்.

சமையல் சோடாவின் மேல் வினிகரை ஊற்றும் யோசனை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. பொங்கி வரும் நுரை பார்க்க நன்றாக இருக்கும். சுத்தம் செய்யும் சக்திதான் அதில் குறைவு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுவதால், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்பு கரைந்த நீரே.

பிளீச்சிங் பவுடரையோ குளோரின் கலந்த பிளீச் திரவத்தையோ ஆசிட்டுடன் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். சன்னல் சிறிதாக உள்ள சமையலறையில் அது நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். ஒன்றை ஊற்றிக் கழுவிய ஈரத்தின் மேல் மற்றொன்றை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமமே.

தேவையானவை

சலவைச் சோடா, சமையல் சோடா, விறைப்பான நைலான் பிரஷ், இரண்டு வாளி, பழைய பருத்தித் துணிகள், ரப்பர் கையுறை ஆகியவை போதும். கம்பி பிரஷ் வேண்டாம். அது டைல்ஸில் கீறலிடும், உடைந்த கம்பித் துணுக்குகள் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும். பழைய பல்துலக்கி மூலைகளுக்கு உதவும், ஆனால் முழுத் தரைக்கும் அதை நம்பினால் மணிக்கட்டு நோவதே மிச்சம். பிடியுள்ள, நார்கள் குறுகலாக அமைந்த பிரஷ் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

படி 1: பிசுக்கை எடுத்தல்

தரையை நன்றாகப் பெருக்கி, இடுக்கில் சிக்கிய துகள்களை உலர்ந்த பிரஷால் கிளறி எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, சுமார் மூன்றடிக்கு மூன்றடி பரப்பில் மட்டும் இடுக்குகளின் மேல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். முழுத் தரையிலும் ஒரே நேரத்தில் ஊற்றினால், ஒரு மூலையைத் தேய்த்து முடிப்பதற்குள் மறு மூலை உலர்ந்து, கரைந்த அழுக்கு மீண்டும் படிந்துவிடும். சலவைச் சோடா வலுவான காரம். எண்ணெயை ஓரளவு சோப்பாகவே மாற்றிக் கரைக்கும் தன்மை அதற்கு உண்டு. அடுப்பு மேடையின் கீழே உள்ள தரைக்கு இந்தப் படிதான் உயிர்நாடி. பிசுக்கு போகாமல் அடுத்த படிக்குச் சென்றால் எந்தப் பொருளும் கிரவுட்டைத் தொடவே தொடாது. ஊறிய பின் கோட்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்து, அழுக்கு நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதைத் தரையிலேயே பரப்பித் துடைத்தால் அடுத்த இடுக்குக்குள் அதுவே இறங்கும்.

படி 2: பசை பூசித் தேய்த்தல்

மூன்று பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு நீர் என்ற அளவில் குழைத்து, ஈரமான இடுக்குகளில் பூசிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சமையல் சோடா மென்மையான காரம் என்பதோடு, அதன் நுண்ணிய துகள்கள் டைல்ஸைக் கீறாமல் அழுக்கை மட்டும் உராய்ந்து எடுக்கும். வெளிர் நிற இடுக்குகளில் கறை இன்னும் தெரிந்தால், நீருக்குப் பதிலாக 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்துக் குழைக்கலாம். மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று எழுதப்பட்ட பாட்டிலில் இருப்பது சுமார் 6 சதவீதக் கரைசல். அதில் சம அளவு நீர் சேர்த்தால் 3 சதவீதமாகிவிடும். நிறம் சேர்த்த கிரவுட்டாக இருந்தால் மறைவான மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பெராக்சைடு நிறத்தை வெளிற வைக்கக்கூடும்.

மஞ்சள் சிந்திய இடத்தில் இந்தக் காரப் பொருள்கள் பட்டதும் கறை திடீரெனச் சிவந்தால் பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீருடன் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதும் இதே வினைதான். நீரால் நன்கு அலசியதும் பெரும்பாலும் மீண்டும் மஞ்சளாகும். மிஞ்சிய மஞ்சள் பெராக்சைடிலும் வெயிலிலும் மங்கும். சன்னல் வழியாக வெயில் விழும் இடமாக இருந்தால் பாதி வேலை தானாகவே நடந்துவிடும்.

கேஸ் சிலிண்டர் நின்ற இடத்தில் வட்டமாகப் படியும் துருக்கறை வேறு இனம். அதற்குச் சோடா பயன்படாது. குளோரின் பிளீச்சும் துருவை நீக்காது. டைல்ஸின் மேல் உள்ள துருவை எலுமிச்சைச் சாற்றால் துடைத்து உடனே கழுவலாம். ஆனால் இடுக்குக்குள் ஆழமாக இறங்கிய துருவை அமிலத்தால் துரத்துவதைவிட, அந்தச் சில அங்குலக் கிரவுட்டை மட்டும் மாற்றிவிடுவதே நல்லது. சிலிண்டரைச் சக்கரம் வைத்த தாங்கியில் நிறுத்தினால் இந்தத் தொல்லை மீண்டும் வராது.

படி 3: அலசுதல்

பலரும் அவசரப்படும் இடம் இது. சோடா எஞ்சினால் உலர்ந்ததும் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சோப்பு எஞ்சினால் ஒட்டும் படலமாகி, நடக்கும் கால்களின் அழுக்கையெல்லாம் பிடித்து வைக்கும். எனவே ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரு முறை தூய நீரால் அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறியைப் போட்டு உலரவிட வேண்டும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்தினால் உப்புப் படிவு குறையும்.

படி 4: சீலர் பூசுதல்

சுத்தம் செய்து ஒரு நாளாவது முழுமையாக உலர்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சீலர் இறங்காது. சிமென்ட் கிரவுட்டுக்கென விற்கும், உள்ளிறங்கும் வகைச் சீலரைச் சிறு தூரிகையால் கோட்டின் மேல் மட்டும் தடவி, புட்டியில் குறிப்பிட்டுள்ள சில நிமிடங்களுக்குள் டைல்ஸின் மேல் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மங்கலான கறைபோல ஒட்டிக்கொள்ளும். அன்று தரையில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதே சொட்டுநீர்ச் சோதனையைச் செய்து, நீர் உள்ளே இறங்கினால் மட்டும் மறுபடி பூசினால் போதும்.

அன்றாடப் பராமரிப்பு

துடைக்கும்போது ஒரு வாளியில் துடைப்பு நீரும் மற்றொன்றில் துணியை அலசும் நீரும் வைத்துக்கொள்வது, வாங்கக் கிடைக்கும் எந்தத் திரவத்தையும்விடப் பெரிய பலன் தரும். தரைத் திரவத்தை மூடி மூடியாக ஊற்றுவதால் மணம்தான் கூடும். படலமும் கூடவே சேரும். எண்ணெய் சிந்தினால் உடனே காகிதத்தால் ஒற்றி எடுத்து, அந்த இடத்தை மட்டும் பாத்திரத் திரவத்தால் துடைத்துவிடலாம். மாதம் ஒரு முறை அடுப்பருகில் உள்ள இடுக்குகளுக்கு மட்டும் முதல் படியைச் செய்தால், முழுத் தரையையும் தேய்க்கும் நாள் வெகுதூரம் தள்ளிப்போகும்.

இடுக்கை நகத்தால் சுரண்டும்போதே மணலாக உதிர்ந்தால், அதைச் சுத்தம் செய்து பயனில்லை. டைல்ஸ் வேலை தெரிந்தவரைக் கொண்டு பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். பழையதன் மேலேயே மெல்லியதாகப் பூசிவிட்டுப் போனால் அது சில மாதங்களில் ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும் என்பதால், வேலை தொடங்கும்போது ஒரு முறை அருகில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.