ஜோ ஏன் ‘சார்’ என்கிறார்? நாவல் பாத்திரத்தைப் பற்றிச் சொந்தமாக எழுதப் பழகும் முறை

பாளையங்கோட்டையில் நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்கள் வகுப்பில் நாற்பது பேர். நாவல் தாளில் பாத்திரம் பற்றிக் கேள்வி வந்தால் நாற்பது பேரும் ஒரே விடையைத்தான் எழுதுவோம், ஏனென்றால் எல்லோரும் வாங்கியது ஒரே கைடு. “ஜோ வெகுளி, நல்லவர், பிப்பின் மனசாட்சி.” நானும் அதையே எழுதி மார்க்கும் வாங்கினேன். நாவலை முழுசாகப் படித்தது டிகிரி முடித்து மூன்று வருஷம் கழித்துத்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்த முறையைத்தான் இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டுக்கு டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை அவரே நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல், மொத்தம் 59 அத்தியாயம். கதை தெரியாதவர்களுக்கு: பிப் தாய் தகப்பன் இல்லாத பையன். அக்காவும் அவள் புருஷன் ஜோவும் வளர்க்கிறார்கள். ஜோ கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். யாரென்று தெரியாத ஒருவர் கொடுத்த பணத்தில் பிப் லண்டன் போய்க் கனவான் ஆகிறான், ஜோவைப் பார்த்து வெட்கப்படுகிறான். இதற்கு மேல் இப்போது வேண்டாம்.

படி 1: உறுத்துகிற இடத்திலிருந்து தொடங்குங்கள்

பாத்திரம் நல்லவரா கெட்டவரா என்று தொடங்காதீர்கள், அது இரண்டு வரியில் தீர்ந்துவிடும். படிக்கும்போது எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எங்கே “இது என்ன?” என்று தோன்றியது? பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். (நூலகப் புத்தகம் என்றால் தனித்தாள்!)

எங்கள் மாடியில் ஒரு பெண் கேட்டாள்: “அக்காக்காரி பிரம்பெடுத்து அந்தச் சின்னப் பையனை அடிக்கா. இந்த ஆளு பட்டறையில இரும்பையே அடிச்சு வளைக்கவரு. ஏன் சும்மா இருக்காரு?” கைடு தராத கேள்வி. இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

படி 2: நான்கு காட்சிகளைப் பொறுக்குங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் அத்தியாய எண், அடுத்து என்ன நடக்கிறது, மூன்றாவதில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது நான் சேர்த்தது. மரியாதைச் சொல்லில் காது கூர்மையான ஊர் நம் ஊர். ‘ஏலே’ எங்கே செல்லம், எங்கே சண்டை என்று ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தக் காதை ஆங்கில நாவலுக்கு ஏன் கடன் கொடுக்கக்கூடாது?

4ஆம் அத்தியாயம். கிறிஸ்துமஸ் விருந்து. வந்தவர்கள் எல்லோரும் பிப்பைக் குத்திப் பேசுகிறார்கள். ஜோ வாயே திறக்கவில்லை. ஆனால் குத்தல் வரும்போது பையனின் தட்டில் குழம்பை அள்ளி ஊற்றுகிறார். எனக்கு இந்த நாவலில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

7ஆம் அத்தியாயம். அடுப்பங்கரையில் ஜோ தன் கதையைச் சொல்கிறார். அப்பா குடித்துவிட்டு அம்மாவையும் தன்னையும் அடித்தது, அதனால் பள்ளிக்கூடம் போக முடியாமல் போனது. அம்மா பட்ட பாட்டைப் பார்த்ததால், ஒரு பெண்ணுக்குத் தன்னால் கெடுதல் வந்துவிடுமோ என்று பயம். அதனால்தான் மனைவியிடம் அடங்கிப் போகிறார். இங்கே பிப்பை அவர் செல்லமாகக் கூப்பிடுவது ‘ஓல்ட் சாப்’ (old chap), கூட்டாளியைக் கூப்பிடுவது மாதிரி.

27ஆம் அத்தியாயம். நல்ல உடுப்புப் போட்டு லண்டனுக்கு வருகிறார். தொப்பியை வைக்க இடம் தெரியாமல் கணப்படுப்பு மேல் விளிம்பில் வைக்க, அது விழுந்துகொண்டே இருக்கிறது. இப்போது ‘சார்’ வந்துவிட்டது. பிப்பே கடுகடுப்பாகக் கேட்கிறான், என்னை எப்படி சார் என்று கூப்பிடலாம் என்று.

57ஆம் அத்தியாயம். பிப் பணமெல்லாம் போய், காய்ச்சலில் கிடக்கிறான். ஜோ வந்து கவனிக்கிறார். படுக்கையில் கிடக்கும்வரை ‘ஓல்ட் சாப்’. உடம்பு தேறத் தேற ‘சார்’ திரும்பி வருகிறது. பிப் தானாக நடந்து காட்டும்போது ஜோ சொல்கிற வாக்கியத்தில் முதலில் ‘பிப்’ வருகிறது, முடிவில் ‘சார்’ வருகிறது. ஒரே வாக்கியத்துக்குள்! கொஞ்ச நாளில், பிப்பின் கடன் 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸைச் சொல்லாமல் அடைத்துவிட்டு, விடிகாலையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

படி 3: முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள்

பரீட்சை ஆங்கிலத்தில்தான். இருந்தாலும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்று போட்டுத் தப்பித்துவிடலாம். தமிழில் ‘அவனா, அவரா’ என்று முடிவு செய்தே ஆகவேண்டும். பாத்திரத்தைப் பற்றிய உங்கள் முடிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

போன மாதம் ஏழு பேரும் எழுதிக் கொடுத்த வரைவைப் பார்த்தேன். ஐந்து பேர் “வக்கீல் ஜாகர்ஸ் வந்தார்”, “ஜோ வந்தான்” என்று எழுதியிருந்தார்கள். யாரும் யோசித்து எழுதவில்லை. வக்கீலுக்கு ‘ர்’, கொல்லனுக்கு ‘ன்’. நான் அதைப் படித்துக் காட்டியதும் மாடி கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. பிப் லண்டனில் செய்ததை இவர்கள் பேனா இங்கேயே செய்துவிட்டது. ஒரு பையன் மெதுவாக, “எங்கப்பா தச்சு வேலைதான் சார்” என்றான். அப்புறம் அவனே எல்லா ‘ன்’னையும் திருத்தினான்.

அடுத்து ‘ஓல்ட் சாப்’ புக்குத் தமிழ் தேடினோம். ‘ஏலே’ என்றார்கள் முதலில். ஒருத்தி மறுத்தாள்: ஏலே மேலேயிருந்து கீழே இறங்குகிற சொல், ஜோ அப்படிப் பேசவில்லை, ‘மக்கா’ என்பதுதான் சரி என்று. எனக்கும் அவள் சொல்வதுதான் சரியென்று படுகிறது. நம் பக்கம் பிப் பிறந்திருந்தால் ஜோவை ‘அத்தான்’ என்றுதான் கூப்பிட்டிருப்பான். நாவலில் வெறும் ‘ஜோ’. சின்னப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உறவு, கூட்டாளி மாதிரி. அது போன பிறகுதான் ‘சார்’ வருகிறது.

படி 4: ‘ஏனென்றால்’ வைத்து ஒரு வாக்கியம்

உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, நடுவில் ‘ஏனென்றால்’ போடுங்கள். ‘ஏனென்றால்’லுக்கு அப்புறம் நாவலிலிருந்து ஒரு காட்சி வரவேண்டும். “ஜோ பணிவானவர், ஏனென்றால் அவர் நல்லவர்” என்பது சுற்றிச் சுற்றி வருகிறது, அடித்துவிடுங்கள். “ஜோவின் ‘சார்’ பணிவு இல்லை, விலகல், ஏனென்றால் பிப் நோயாளியாகக் கிடக்கும்போது அந்தச் சொல் வருவதில்லை, அவன் எழுந்து நடந்ததும் வருகிறது.” சரி, இதை வைத்துக்கொள்ளலாம்.

படி 5: உங்களுக்கு எதிராக நீங்களே வாதாடுங்கள்

27ஆம் அத்தியாயத்தில் கிளம்பும்போது ஜோ மறுபடி ‘ஓல்ட் சாப்’ என்கிறார். கொல்லன், தட்டான், செம்புக் கொட்டுகிறவன் என்று உலோகத்துக்கு ஒரு ஆள் இருப்பதுபோல மனுஷர்கள் பிரிந்துதான் இருப்பார்கள், இந்த உடுப்பில் நான் தப்பானவன் என்கிறார். பிப் அப்போது நோயாளி இல்லையே? உங்கள் வாக்கியம் ஆடுகிறது. ஆடட்டும். திரும்பப் படித்தால், போவதென்று முடிவான பிறகுதான் பழைய சொல் வருகிறது என்று புரியும். உடனே வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றுவீர்கள். இந்தத் திருத்தத்தில்தான் கட்டுரை உங்களுடையதாகிறது.

கதை சொல்கிற ஆளையும் சந்தேகப்படுங்கள். சொல்வது பெரியவனான பிப். நான் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் இயல்பாக இருந்திருப்பார், தப்பு என்னுடையது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். குற்ற உணர்ச்சி உள்ளவன் வரைகிற படத்தில் ஜோ கொஞ்சம் கூடுதலாகவே நல்லவராகத் தெரியலாம். இதை ஒரு பத்தி எழுதினால் போதும், முதல் வருடப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

சொந்தக் கதை எவ்வளவு வரலாம்?

வரலாம், ஆனால் சாட்சியாக வரக்கூடாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் ஒரு பிள்ளை, சென்னை ஹாஸ்டலுக்கு அப்பா கருப்பட்டியும் முறுக்கும் கட்டிக்கொண்டு வந்ததை அவள் அண்ணன் எப்படி மறைத்தான் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாள். படித்து எனக்கே தொண்டை அடைத்தது. ஜோவுக்குக் கிடைத்தது அரை வரி. நான் இரண்டே முக்கால் பக்கத்தை வெட்டச் சொன்னேன். அவளுக்குக் கோபம், நியாயம்தான். ஜோவை அவள் புரிந்துகொண்டது அந்த அண்ணனால்தான். ஆனால் வாசிக்கிறவர் நம்புவது 27ஆம் அத்தியாயத்துத் தொப்பியை.

எழுதி முடித்த பத்தி எப்படி இருக்கும்?

அவளே திருத்தி எழுதியது, அனுமதியோடு: “ஜோ பிப்பை அடியிலிருந்து காப்பாற்றவில்லை. குழம்பு ஊற்றுகிறார். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கை ஓங்கப் பயம். அதனால் அன்பைக் கரண்டியில்தான் காட்ட முடிகிறது. கடைசியில் கடனை அடைத்துவிட்டுச் சொல்லாமல் போவதும் அதே கரண்டிதான்.”

கடைசி வாக்கியம் அவளுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. “காப்பாற்றவில்லை” என்பதுதான் இன்னும் இடிக்கிறது. பிப்பை விட்டுக்கொடுப்பதற்கு வக்கீல் ஜாகர்ஸ் நஷ்டஈடு பற்றிப் பேசும்போது ஜோ சண்டைக்கே நிற்கிறாரே, 18ஆம் அத்தியாயத்தில்? அடுத்த சனிக்கிழமை கேட்கவேண்டும்.

நீங்கள் தமிழ் நாவலில் பழக விரும்பினால் 1977இல் வந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எடுங்கள். மணப்பாட்டுக் கடற்கரை, வல்லத்தை (மீன்பிடிப் படகை) விட மனசில்லாத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி. அளவில் சின்ன நாவல். நோட்டில் அந்த மூன்றாவது பத்தியை மட்டும் முதலில் நிரப்புங்கள்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்தப் பக்கத்தில் அது மாறுகிறது.