குழந்தைக்கு க்வில்ட் தைக்கச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணித் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்துத் தைத்துச் சுவரில் மாட்டும் கலை க்வில்ட்டை ஆறேழு வயதுக் குழந்தையும் செய்யலாம். பெரும்பாலும் வேலையைக் கெடுப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான்.

குத்திவிடுமே என்ற பயத்தில் பலர் முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசியைக் கொடுக்கிறார்கள். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் அது இறங்காது. குழந்தை பலம்கொண்ட மட்டும் அழுத்தும். துணி சுருங்கும், விரல் வலிக்கும், ஆசையே விட்டுப்போகும். காது பெரிதாக உள்ள எம்பிராய்டரி ஊசியைக் கொடுத்துவிட்டுக் கூடவே இருங்கள். நூல் குழந்தையின் கையால் ஒரு முழம் போதும்; நீண்டால் சிக்கு விழும். ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணியே டப்பாவில் போட வேண்டும். துணி வெட்டும் உருளைக் கத்தி குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது.

துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டிக் கொடுத்ததும் இன்னொன்று நடக்கும். கீழே இறங்கிய ஊசியை அடியிலிருந்து மேலே குத்தாமல், குழந்தைகள் வளையத்தைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். துணியோடு வளையமும் சேர்ந்து தைபட்டுவிடும். அதட்ட வேண்டாம். அடிப்பக்கத்தைத் திருப்பி, நூல் எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள். "மேலே, கீழே" என்று கூடவே சொல்லி வந்தால் விரைவில் பிடிபட்டுவிடும்.

சாட்டின், ஜார்ஜெட் வழுக்கும். ஜீன்ஸ் துணியில் சின்னக் கையால் ஊசி ஏற்ற முடியாது. நைந்துபோகாத பழைய பருத்தி வேட்டியும் சேலையும் நல்லவை. அடர்சிவப்புத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் இறங்காது என்று நம்பி, துவைத்துப் பார்க்காமல் தைத்துவிட வேண்டாம். சதுரங்களை இணைக்கும்போது தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் விடும் கால் அங்குலத்தை மறந்துவிடுகிறோம். 5 அங்குலச் சதுரம் தைத்து முடிந்ததும் நாலரை அங்குலமாகத்தான் நிற்கும். பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். முதல் முயற்சிக்கு நான்கு சதுரம் போதும். போர்வை அளவுக்கு ஆசைப்பட்டால் பாதியில் நின்றுவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, குழந்தை தூங்கிய பிறகு கோணல் தையலைப் பிரித்து நாமே நேராகத் தைத்து வைப்பது. காலையில் பார்க்கும் குழந்தைக்கு அது தன் கைவேலை இல்லை என்று உடனே தெரிந்துவிடும். சுவரில் தொங்கப்போகும் துணிக்கு நீண்டும் குறுகியும் விழுந்த தையலால் எந்தக் கெடுதலும் இல்லை. பிரிந்துவிடும் என்று தோன்றும் இடத்தை மட்டும், குழந்தையிடம் கேட்டுக்கொண்டு, அதன் கண்முன்னே இன்னொரு முறை தைத்து உறுதியாக்குங்கள்.

அட்டையில் வெட்டிய யானை, பூ மாதிரிகளை நீட்டுவதும் இதே வகைதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், துணியில் மனிதர்களையும் விலங்குகளையும் வெட்டி ஒட்டித் தைத்து பைபிள் கதைகளைச் சொன்னார். 1886-ல் அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் காட்சிக்கு வைத்த அந்த க்வில்ட்டை, பின்னர் வறுமையால் 5 டாலருக்கு விற்றார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உருவங்கள் அச்சில் வார்த்தவைபோல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி உடல்வாகு, தனி அசைவு. குழந்தை வெட்டும் நாய்க்கு ஐந்து கால் இருந்தால் இருக்கட்டும். "இது யார், எங்கே ஓடுகிறது?" என்று கேளுங்கள், அடுத்த துண்டுக்கான யோசனை அந்தப் பதிலிலேயே கிடைக்கும்.