ஓர் இருக்கையை விற்றாலும் விதி வந்துவிடும்: பிரிட்டன் பள்ளிக் கோச்சுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட முதல் வாரம், என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. அதன் அட்டையில் ‘விலக்கு உண்டு, கவலை வேண்டாம்’ என்று யாரோ பென்சிலால் எழுதிவைத்திருந்தார். எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். உள்ளே இருந்தது, சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறும்படி கோச் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குத் தரும் சான்று. அதன் காலம் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு காலையும் நான்கு கோச்சுகள் பிள்ளைகளை ஏற்றி வந்துகொண்டுதான் இருந்தன. யாரும் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு இந்த விதிகளைப் படிக்க நேர்ந்தது. பெற்றோர், பள்ளி ஊழியர், கோச் நிறுவனம் நடத்துபவர் என யாரோடு பேசினாலும் திரும்பத் திரும்ப அதே சில தவறான எண்ணங்கள்தான் வருகின்றன. இங்கே வாழும் நம்மவர்களில் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் உண்டு, பிள்ளைகளைக் கோச்சில் அனுப்புபவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

விதியின் பெயர் நீளமானது: பொதுச்சேவை வாகனங்கள் அணுகல் ஒழுங்குவிதிகள், 2000. தொழிலில் இருப்பவர்கள் பி.எஸ்.வி.ஏ.ஆர். என்று சுருக்கிவிடுவார்கள். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் பிறந்த இது, இப்போது 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் நிழலில் நிற்கிறது. 22 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய வாகனம் உள்ளூர்ச் சேவையிலோ கால அட்டவணைச் சேவையிலோ ஓடினால், சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறிப் பயணிக்கும்படி அது இருக்க வேண்டும். பழைய வண்டிகளுக்குப் படிப்படியாக அவகாசம் கொடுத்தார்கள். இரண்டடுக்குப் பேருந்துகளுக்கு 2017 ஜனவரி 1, கோச்சுகளுக்கு 2020 ஜனவரி 1 என்று கடைசி நாள் வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கையில் இருந்தும், 2019இல்தான் பள்ளிகள் திடுக்கிட்டு விழித்தன.

‘இது பள்ளிப் பேருந்து, பொதுப் பேருந்து அல்ல’

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். வண்டியின் நெற்றியில் பள்ளியின் பெயர் இருக்கலாம், பெயர்ப் பட்டியலில் உள்ள மாணவர்களைத் தவிர வேறு எவரும் ஏற முடியாமல் இருக்கலாம். சட்டம் அதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பயணியிடமிருந்தும் தனித்தனியாகக் கட்டணம் பெறப்படுகிறதா என்பதையே பார்க்கிறது.

49 இருக்கைக் கோச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 46 பிள்ளைகள் இலவசப் பயணத்துக்கு உரிமை உள்ளவர்கள். உள்ளாட்சிக் கவுன்சில் அவர்களுக்காகக் கோச் நிறுவனத்துக்கு ஒப்பந்தப் பணம் கொடுக்கிறது. எந்தப் பெற்றோரும் ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. இந்த வண்டி பொதுவாக விதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மூன்று இருக்கைகள் காலியாக இருக்கின்றனவே, வீணாகப் போகிறதே என்று அவற்றைப் பக்கத்துத் தெருப் பெற்றோர் மூவருக்கு டேர்முக்கு இவ்வளவு என்று விற்றவுடன், அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே பாதை, விதிக்குள் வந்துவிடுகிறது. மூன்று இருக்கைக்கான விதி என்று ஒன்று இல்லை. முழு வண்டிக்கும்தான்.

‘நாங்கள் கட்டணம் வாங்கவில்லை, ஆண்டுப் பங்களிப்புதான் வாங்குகிறோம்’ என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. பெயரை மாற்றினால் பணம் மாறாது. 1981ஆம் ஆண்டுப் பொதுப் பயணியர் வாகனச் சட்டம் இந்த ஓட்டையை அப்போதே அடைத்துவிட்டது. பயணத்தோடு வேறு எதற்காகவும் சேர்த்துக் கொடுத்திருந்தாலும், யார் யாரிடம் கொடுத்திருந்தாலும், ஒருவரைச் சுமந்து செல்வதற்கான பணம் கட்டணமே. பள்ளியிடம் கொடுத்தாலும், கவுன்சிலிடம் கொடுத்தாலும், பெற்றோர் சங்கம் வசூலித்துக் கொடுத்தாலும் அதுதான் கதை.

இன்னொரு வாதம் தூரத்தைப் பற்றியது. பிள்ளைகளை ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் 15 மைலுக்கு மேல் தள்ளியிருந்தால் அது உள்ளூர்ச் சேவை அல்ல, ஆகவே தப்பித்தோம் என்பார்கள். முதல் பாதி சரி. ஆனால் குறித்த பாதையில், குறித்த நேரத்தில், முன்பே தீர்மானித்த நிறுத்தங்களில் தனிக் கட்டணத்துக்கு ஏற்றி இறக்கினால் அது கால அட்டவணைச் சேவை. பள்ளி வண்டியைப் போல் நேரம் தவறாமல் ஒரே பாதையில் ஓடுவது வேறெது? பள்ளி தன் செலவில் எப்போதோ ஒருமுறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் கோச் வேறு கணக்கு. தினசரி ஓட்டத்தையும் சுற்றுலாவையும் ஒரே பேச்சில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. 22 என்பது வண்டியின் கொள்ளளவு. 33 இருக்கை வண்டியில் 18 பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்றால் அது 33 இருக்கை வண்டிதான். 16 இருக்கை மினிபஸ் இந்த விதிக்குள் வராது. டாக்சிகளுக்கு வேறு சட்டம்.

விலக்கு என்ற காகிதம்

2019இல் நடந்ததைச் சொல்லாமல் இது புரியாது. கடைசி நாள் நெருங்கியபோது, இருக்கைகளை விற்பதை நிறுத்திவிட்டால் விதியிலிருந்து விலகிவிடலாம் என்று பல கவுன்சில்கள் கணக்குப் போட்டன. அப்படிச் செய்தால் பணம் கொடுத்து வரும் பிள்ளைகளுக்கு வண்டியே இல்லாமல் போகும். அணுகலுக்காக வந்த விதி, இருக்கிற சேவையையும் ஒழித்துவிடும் நிலை. அதனால் போக்குவரத்துத் துறை இறங்கிவந்து, விற்கப்படும் இருக்கைகள் 20 சதவீதத்துக்கு மேல் போகாத பள்ளிச் சேவைகளுக்குத் தற்காலிக விலக்கு அளித்தது. பிறகு 2022 ஆகஸ்ட் 1 முதல் ‘நடுத்தரக் கால விலக்கு’ என்ற ஏற்பாடு வந்தது. அதை வழங்கியபோது வைத்த முடிவு நாள் 2026 ஜூலை 31. ரயில் ஓடாத நாட்களில் ஓடும் மாற்றுக் கோச்சுகளுக்கும் இதே போன்ற விலக்கு கொடுக்கப்பட்டது.

அந்த 20 சதவீதம் இன்றும் பலர் வாயில் மந்திரம் போல் ஓடுகிறது. ‘ஐந்தில் ஒரு பங்கு வரை விற்கலாம், சட்டமே சொல்கிறது’ என்பார்கள். விதிகளில் அப்படி ஒரு வரி கிடையாது. அது ஒரு குறிப்பிட்ட விலக்கின் நிபந்தனை. அந்த விலக்கு போனதும் நிபந்தனையும் போயிற்று.

சமத்துவச் சட்டத்தின் 178ஆம் பிரிவு ‘சிறப்பு அனுமதி’ வழங்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுக்கிறது. அந்த அனுமதிக்கு முடிவு நாளும் நிபந்தனைகளும் வைக்கலாம். வாகனங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விதிக்கு இணங்க மாற்றிக்கொண்டே வர வேண்டும் என்பதுதான் நடுத்தரக் கால விலக்கின் உயிர். மாற்றாமல் காகிதத்தை மட்டும் வைத்திருப்பவர், தவணை கட்டாமல் கடன் பத்திரத்தைக் காட்டுபவரைப் போன்றவர். ஆகவே சான்று யார் பெயரில் இருக்கிறது, எந்த வகைச் சேவைக்கு, எந்த நாள் வரை, என்ன நிபந்தனையோடு என்ற நான்கையும் படிக்காமல் ‘விலக்கு உண்டு’ என்று சொல்லாதீர்கள். சென்ற ஆண்டு ஓட்டிய நிறுவனத்தின் விலக்கு, இந்த ஆண்டு ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்குத் தானாக வந்து ஒட்டாது.

‘அது கோச் நிறுவனத்தின் தலைவலி’ என்று பள்ளி கைகழுவுவதும் ஆபத்து. 175ஆம் பிரிவு விதி மீறிய வண்டியை ஓட்டுபவரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை. அதை ஓட்டக் காரணமாக இருப்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்க்கிறது. அபராதத்தின் உச்சம் 2,500 பவுண்ட். பெரிய கோச் நிறுவனத்துக்கு அது டீசல் செலவு. போக்குவரத்து ஆணையர் அந்த நிறுவனத்தின் உரிமத்தில் கைவைத்தால்தான் உண்மையான வலி.

இருபது ஆண்டு கடந்த பழைய வண்டிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது, ஓர் ஆண்டில் 20 நாளுக்கு மேல் இத்தகைய சேவையில் ஓடாமல் இருந்தால். பழம்பெரும் பேருந்துகளை விழாக்களில் ஓட்டி மகிழ்பவர்களுக்கு அது உதவும். ஆண்டுக்கு 190 நாள் திறந்திருக்கும் பள்ளிக்கு உதவாது.

‘எங்களிடம் சக்கர நாற்காலிப் பிள்ளை யாரும் இல்லை’

இதை நானே ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விதி வண்டியைப் பற்றியது. இன்று அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியது அல்ல. தவிரவும், படியேற முடியாத பிள்ளையின் பெற்றோர் அந்தக் கோச்சைப் பார்த்தவுடனேயே விண்ணப்பிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். பிறகு ‘யாரும் கேட்கவில்லையே’ என்கிறோம்.

நான் அப்படிச் சொன்ன அதே டேர்மில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ரக்பி ஆட்டத்தில் காலை உடைத்துக்கொண்டான். ஆறு வாரம் சக்கர நாற்காலி. அவன் அம்மா வேலைக்கு அரைநாள் விடுப்பெடுத்துத் தினமும் காரில் கொண்டுவந்து விட்டார்.

நாற்காலி மட்டுமே அணுகல் என்று நினைப்பதும் குறைப் பார்வை. விதிகளின் முதல் அட்டவணைதான் சக்கர நாற்காலிக்கானது. கோச்சுக்கான மூன்றாம் அட்டவணை படிகள், கைப்பிடிகள், முன்னுரிமை இருக்கைகள் போன்றவற்றைப் பற்றியது. கண்பார்வை மங்கிய பிள்ளைக்குப் படியின் விளிம்பு பளிச்சென்று வேறு நிறத்தில் தெரிவதே பெரிய விஷயம்.

லிஃப்ட் இருக்கிறது, ஆனால்…

சான்று சரியாக இருந்தும் காலை 7.40க்கு எல்லாம் கவிழ்வது இந்த இடத்தில்தான். சக்கர நாற்காலிக்கான இடம் குறைந்தது 1,300 மில்லிமீட்டர் நீளம், 750 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். லிஃப்ட் 300 கிலோ தாங்க வேண்டும். பல கோச்சுகளில் அந்த இடத்தில் சாதாரண இருக்கைகள் மாட்டப்பட்டிருக்கும். நாற்காலி வரும்போது அவற்றை வண்டித் தரையில் பதித்த தண்டவாளத்திலிருந்து கழற்றி எடுக்க வேண்டும். சாலையோர நிறுத்தத்தில், மழையில், நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, இதைச் செய்து முடிக்கும் ஓட்டுநரை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் நாள் மாலை டிப்போவிலேயே கழற்றி வைக்க வேண்டும். அதற்கு யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்று ஒப்பந்தத்தில் எழுதாததுதான் தவறு.

நாற்காலியைத் தரையோடு கட்டும் வார்ப்பட்டைகள் இன்னொரு சிக்கல். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கடன் போய்த் திரும்பாது. நான்கில் மூன்று இருக்கும், மூன்றை வைத்துக்கொண்டு யாரும் பிள்ளையை ஏற்றக் கூடாது.

லிஃப்டின் பரிசோதனையும் மறந்துபோகும் ஒன்று. வண்டி ஆண்டுச் சோதனையில் தேறிவிட்டது, போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். மனிதரைத் தூக்கும் எந்தக் கருவிக்கும் 1998ஆம் ஆண்டுத் தூக்குகருவி விதிகள் தனியே உண்டு. பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதித்து அறிக்கை தர வேண்டும். மாதக்கணக்கில் அசையாத லிஃப்ட், தேவைப்படும் நாளில் அசையாது. வாரம் ஒருமுறை வெறுமனே இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டுநர் கையும் பழகும்.

பெற்றோர் செய்யும் தவறு

கோச்சுக்கு விலக்கு இருந்தால் நம் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது என்று பெற்றோர் அமைதியாகிவிடுகிறார்கள். விலக்கு பி.எஸ்.வி.ஏ.ஆர். என்ற ஒன்றிலிருந்து மட்டும்தான். கவுன்சிலின் மற்றக் கடமைகள் அப்படியே நிற்கின்றன. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி எட்டு வயதுக்குக் கீழ் 2 மைலுக்கு மேலும், எட்டிலிருந்து 16 வரை 3 மைலுக்கு மேலும் தூரமானால் தகுதியுள்ள அருகிலுள்ள பள்ளிக்கு இலவசப் பயணம். ஊனத்தாலோ நடமாட்டச் சிரமத்தாலோ நடந்துபோக முடியாத பிள்ளைக்கு இந்தத் தூரக் கணக்கே பொருந்தாது. அரை மைல் என்றாலும் கேட்கலாம். கோச் சரிவரவில்லை என்றால் வேறு வண்டி ஏற்பாடு செய்வது கவுன்சிலின் வேலை.

அதே நேரம், சமத்துவச் சட்டத்தில் ‘நியாயமான மாற்றங்கள்’ என்று இருக்கிறதே, இந்தக் கோச்சில் லிஃப்ட் பொருத்துங்கள் என்று வாதாடினால் தோற்பீர்கள். ஓடும் சேவையில் உள்ள வாகனத்தின் கட்டமைப்பை மாற்றச் சொல்ல அந்தக் கடமை நீளாது. வேறு வண்டி, வேறு நிறுத்தம், உதவியாளர், முன்னறிவிப்பு ஏற்பாடு என்று கேட்டால் நிற்க இடம் உண்டு.

தொலைபேசியில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். இந்தப் பாதையில் பணம் கொடுத்து வரும் மாணவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், வண்டிக்கு அணுகல் சான்று இருக்கிறதா, அல்லது விலக்கா? விலக்கு என்றால் எந்த நாளோடு முடிகிறது? நான் அந்தக் கோப்பின் அட்டையில் இருந்த பென்சில் எழுத்தை அழித்துவிட்டு எழுதியதும் ஒரு தேதி மட்டும்தான்.