பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட்: எங்கே சறுக்குகிறோம்?

போன ஆகஸ்டில் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர், மகள் பள்ளியில் இருந்தபோதே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்) படித்த பாடங்களின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பதிவை, எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்கு பாடங்கள், 12 கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அலகுகள்). பன்னிரண்டையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அவள் சேர்ந்த எஞ்சினியரிங் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் பொருந்தியது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்ற தலைப்பின் கீழ் கிடந்தன. அந்தப் பட்டத்தில் எலெக்டிவுக்கு இடமே இல்லை. பிள்ளையின் இரண்டு கோடை விடுமுறை அதில் போயிருந்தது.

நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி கிரெடிட் வாங்கப் பெரிதாக இரண்டு வழிகள். ஒன்று ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்): கல்லூரித் தரப் பாடத்தைப் பள்ளியில் படித்து, மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் தேர்வை எழுதி, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வாங்குவது. இன்னொன்று டூயல் கிரெடிட்: பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடத்தைக் கல்லூரி மாணவராகவே படிப்பது. வேறு மாநிலங்களில் இதை டூயல் என்ரோல்மென்ட் என்பார்கள்.

பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இந்த கிரெடிட்டை ஏற்றுக்கொள்வார்களா?" என்பது. கேட்க வேண்டியது அதுவல்ல. "எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்றுக்கொள்வார்கள்?" என்று கேளுங்கள். ஏபி ஃபிசிக்ஸ் 1-ஐ எடுத்துக்கொள்வோம். அது கால்குலஸ் இல்லாத இயற்பியல். எஞ்சினியரிங் பட்டங்கள் கேட்பது கால்குலஸோடு சேர்ந்த இயற்பியல். அதற்கு ஏபியில் ஈடானது ஃபிசிக்ஸ் சி. முதலாவதில் 5 வாங்கினாலும், எஞ்சினியரிங் மாணவருக்கு இயற்பியல் பாடம் பெரும்பாலும் குறையாது.

கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலான ஏபி பாடங்களுக்கு 3 வாங்கினாலே கிரெடிட் தரும். கால்டெக் ஏபிக்கு கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மவுத்தும் 2018-இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டது. அதனால் பிள்ளை ஆசைப்படும் நாலைந்து கல்லூரிகளின் இணையதளத்தில், அந்தப் பட்டத்துக்கான டிகிரி பிளானை, அதாவது எடுக்க வேண்டிய பாடங்களின் பட்டியலை, திறந்து வைத்துக்கொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். டெக்சாஸில் இங்கிலீஷ் 1301, மேத் 2413 போன்ற பொது எண்கள் இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். கலிபோர்னியாவில் எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் யூசியில் (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில்) எதற்கு ஈடு என்று அசிஸ்ட் என்ற தளம் காட்டிவிடும். அரை மணி நேர வேலைதான்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். ஏபி தேர்வில் 2 வந்தால் அதை யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு அப்படியில்லை. அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட். பிள்ளைக்குப் பதினாறு வயதில் வந்த 'சி' இருபத்திரண்டு வயதிலும் அங்கேயேதான் இருக்கும். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், பள்ளியில் இருந்தபோது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துத்தான் ஜிபிஏவை, அதாவது சராசரி கிரேடு புள்ளியை, கணக்கிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல படிப்பாளி, ஐந்து வாரக் கோடை வகுப்பில் அமெரிக்க வரலாறு எடுத்தான். ஆன்லைன் வகுப்புதானே என்று ஜூலையில் குடும்பத்தோடு அத்தை மகள் கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டார்கள். பதினாறு வார வகுப்பை ஐந்து வாரத்தில் அடைத்தால், ஊரில் இருக்கும் பத்து நாள் என்பது ஒரு மாதப் பாடம். மண்டபத்தில் வைஃபை இல்லை. கெடு டெக்சாஸ் நேரப்படி நள்ளிரவு, அங்கே காலை பத்தரை, முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் நேரம். இரண்டு வினாத்தாளும் ஒரு கட்டுரையும் போயின. 'சி' வந்தது. டிராப் செய்வதற்கான கடைசி நாள் என்று ஒன்று இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த நாளுக்குள் விலகியிருந்தால் 'டபிள்யூ' என்று விழுந்திருக்கும். அதுவும் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும்தான், ஆனால் ஜிபிஏவை இறக்காது.

அவன் அம்மா பேராசிரியருக்கு மெயில் எழுதினார். பதில் வரவில்லை. கல்லூரிப் பாடத்தில் சேர்ந்த பிறகு, அந்தப் பதிவுகளின் மீதான தனியுரிமை மாணவருடையது, வயது பதினாறாக இருந்தாலும் சரி. பேராசிரியரிடம் பேச வேண்டியது பிள்ளைதான். அதற்கு அவன் தயாரா என்பதைச் சேர்க்கும் முன்பே பாருங்கள்.

ஒரே பாடத்தை இரண்டு வழியிலும் எடுப்பதும் வீண். ஏபி தேர்வுகளில் 'கால்குலஸ் AB' என்பதில் மதிப்பெண் வாங்கிவிட்டு, டூயல் கிரெடிட்டில் கால்குலஸ் 1 எடுத்தால் கிரெடிட் ஒருமுறைதான்.

அப்புறம், டிரான்ஸ்கிரிப்ட் தானாகப் போய்ச் சேராது. பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டில் டூயல் கிரெடிட் பாடம் தெரிந்தாலும், கம்யூனிட்டி காலேஜிடமிருந்து தனியாக அதிகாரபூர்வமாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஏபி மதிப்பெண்ணை வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம், ஜூன் 20-க்குள் கேட்டுவிட்டால். பிறகு காசு.

கிடைத்த கிரெடிட்டை எல்லாம் உடனே பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏபி கிரெடிட்டை மாணவரே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆலோசகரைப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. பள்ளியில் கால்குலஸ் அரைகுறையாகத்தான் புரிந்தது என்றால், நேராக கால்குலஸ் 3-இல் போய் உட்காருவதைவிட இன்னொரு முறை அடித்தளம் போட்டுக்கொள்வதே என் யோசனை.

தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள், "எங்க பிள்ளைக்குத் தமிழ்ல கிரெடிட் கிடைச்சிருக்கே, கல்லூரிக்கு உதவுமா?" பள்ளி மாவட்டம் தருவது பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளி மொழிப்பாட கிரெடிட். அது பள்ளிப் படிப்பை முடிக்க உதவும். கல்லூரி கிரெடிட் என்பது வேறு. கல்லூரியில் தனியாகக் கேளுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. அவர்களுக்கு ஒவ்வொரு கிரெடிட்டும் கைக்காசு. கம்யூனிட்டி காலேஜில் சேரும் முன், இந்த விசாவுக்கு உள்ளூர்க் கட்டணமா, வெளிமாநிலக் கட்டணமா என்று அட்மிஷன் அலுவலகத்தில் மெயிலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.