உளவியல் வரலாறைப் பாடமாக்காமல் படிக்கிறது எப்பிடி

போன கிழமை சித்தியின்ரை மகள் வீட்டை வந்தவள், கையிலை கொப்பி. ரீச்சரா வேலை செய்துகொண்டே டிப்ளோமா படிக்கிறாள், கல்வி உளவியல் பேப்பர் கிட்ட வந்திட்டுது. கொப்பியைத் திறந்தால் ஒரு அட்டவணை, ஏழு வரி நாலு நிரல், வாதம் ஆள் ஆண்டு கருத்து எண்டு மூண்டு கலர் பேனையாலை வடிவா எழுதி வைச்சிருக்கிறாள். "1913 ஆர்?" எண்டு கேட்டன். "வூண்ட்... இல்லை பொறுங்கோ அண்ணா, பவ்லோவ்" எண்டாள். சிரிக்க எனக்கு ஒரு தகுதியும் இல்லை, நான் முதல் தரம் இந்தப் பேப்பர் எழுதேக்கை நாய்க்கு மணி அடிச்சதுக்குத்தான் பவ்லோவுக்கு நோபல் பரிசு குடுத்தவை எண்டு அரைப்பக்கம் அளந்துபோட்டு வந்தனான். பரிசு 1904இலை கிடைச்சது உண்மை, ஆனா அது சமிபாட்டு ஆராய்ச்சிக்கு. மனுசன் உளவியல்காரனே இல்லை, உடற்றொழிலியல்காரன்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இஞ்ச எழுதிறன். டிப்ளோமா எண்டில்லை, சும்மா ஆசைக்குப் படிக்கிற ஆக்களுக்கும் சரிவரும்.

முதல் வேலை, அட்டவணையை மூடி வையுங்கோ. உந்த வாதங்கள், அதாவது மனசை எப்பிடிப் படிக்கிறது எண்ட கொள்கையள், எல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வரிசையா வந்து நிண்ட சாமான் இல்லை, எங்கட ஊர் வேலிச் சண்டை மாதிரி, முதல் வந்தவர் போட்ட கதியாலைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டுத்தான் அடுத்தவர் தன்ரை கதியாலை நட்டவர். அதாலை ஒவ்வொருத்தரிட்டையும் மூண்டு கேள்வி கேளுங்கோ: இவர் ஆரை முன்னாலை இருத்தி வைச்சுப் பாத்தவர், எந்த இடத்திலை வைச்சுப் பாத்தவர், ஆரோட கோவம். ஆண்டு தானா வந்து ஒட்டும். ரெண்டாவது, ஒவ்வொரு வாதத்துக்கும் வீட்டிலை ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கோ, கை செய்தது மறக்காது.

வூண்டிலை தொடங்குவம். 1879, ஜெர்மனியிலை லைப்சிக் பல்கலைக்கழகம், வில்ஹெம் வூண்ட் உளவியலுக்கெண்டு ஒரு ஆய்வுகூடம் நடத்தத் தொடங்கினார். அதுக்கு முதல் மனசைப் பற்றி ஆரும் யோசிக்கேல்லை எண்டு இல்லை, மெய்யியல்காரர் ரெண்டாயிரம் வருசமாக் கதைச்சவைதான், ஆனா வூண்ட் அதை மணிக்கூடு வைச்சு அளக்கலாம் எண்டார். நீங்களும் அளவுங்கோ. 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒண்டை ஒராள் மேலை பிடிக்க, மற்றாள் கீழை பூச்சியத்துக்குப் பக்கத்திலை விரலை விரிச்சு வைச்சிருக்க வேணும், விட்டவுடனை பிடிக்கிறது. 20 சென்ரிமீற்றரிலை பிடிச்சால் உங்கட நேரம் கிட்டத்தட்ட 0.2 செக்கன். இப்ப விளையாட்டை மாத்துங்கோ, விடேக்கை "ஆ" எண்டால் பிடிக்க வேணும், "ஊ" எண்டால் விட வேணும். தங்கச்சி அஞ்சு தரம் செய்தாள், அஞ்சு தரமும் அடிமட்டம் கையைத் தாண்டி நிலத்திலை. ஏனெண்டால் 30 சென்ரிமீற்றர் விழுறதுக்கு கால் செக்கன்தான் எடுக்கும், ஆவோ ஊவோ எண்டு முடிவெடுக்க மூளைக்கு அதைவிடக் கூட நேரம் வேணும். அந்தக் கூடுற நேரம்தான் 'தெரிவு செய்யிற நேரம்' எண்டு 1868இலையே டொண்டர்ஸ் எண்ட ஒல்லாந்துக்காரர் கணக்குப் போட்டவர், வூண்டின்ரை ஆக்கள் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் மேலை போனவை.

வூண்டிட்டைப் படிச்ச இங்கிலாந்துக்காரன் டிச்னர், 1892இலை அமெரிக்காவிலை கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் அமைப்புவாதம் எண்டு கடை விரிச்சார். மனசைத் துண்டு துண்டாக் கழட்டிப் பாக்கிறது, வழி அகநோக்கல், அதாவது தன்ரை மனசிலை நடக்கிறதைத் தானே பாத்துச் சொல்லுறது. ஒரு கறுத்தக்கொழும்பான் துண்டை வாயிலை வைச்சுக்கொண்டு "மாம்பழம்" எண்ட சொல்லைச் சொல்லாமல் என்ன தெரியுது எண்டு எழுதுங்கோ. இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, குளிர், நார். "மாம்பழம்" எண்டு சொன்னீங்களோ, டிச்னர் பிழை போடுவார், அது பொருளின்ரை பேர், அனுபவம் இல்லை எண்டு. பக்கத்திலை இருக்கிறவரும் எழுதட்டும். ரெண்டு பேரும் எழுதினது ஒத்து வராது, இப்ப ஆர் சரி எண்டு எப்பிடித் தீர்க்கிறது? இந்தக் கேள்வியைப் பத்திரமா வைச்சிருங்கோ, 1913 வரேக்கை எடுக்கலாம்.

அமெரிக்காக்காரர் வில்லியம் ஜேம்சுக்கு உந்தத் துண்டு வெட்டுற வேலை பிடிக்கேல்லை, மனசு ஒரு ஓடுற ஆறு, வெட்டினால் ஆறு இல்லை, அது எதுக்குப் பயன்படுது எண்டு பாக்க வேணும் எண்டார். செயற்பாட்டுவாதம் இதிலை இருந்துதான். அவற்றை பெரிய புத்தகம் 1890இலை வந்தது, எழுத 12 வருசம் எடுத்தது, டிப்ளோமா ஒப்படை பிந்திற ஆக்கள் இதைச் சொல்லித் தப்பலாம்.

இடையிலை எபிங்ஹோஸ் எண்டு ஒராள், ஒரு வாதத்துக்குள்ளையும் அடங்க மாட்டார். தானே பரிசோதகர், தானே பரிசோதனைக்குரிய ஆள். கருத்தில்லாத அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு மறக்குது எண்டு அளந்து 1885இலை வெளியிட்டார். 20 நிமிசத்திலை 58 வீதம்தான் மிச்சம், ஒரு நாளிலை 34 வீதம், 31 நாளிலை 21 வீதம். விழுகிறது முதல் நாளிலைதான் கூட, பிறகு மெல்லமா. இதை உங்கட படிப்புக்கே பாவியுங்கோ, இண்டைக்குப் படிச்சதை இண்டைக்கு இரவே ஒருக்கா, நாளைக்கு ஒருக்கா, அடுத்த கிழமை ஒருக்கா கொப்பியைப் பாக்காமல் சொல்லிப் பாருங்கோ. நீங்கள் படிக்கிறது கருத்துள்ள விசயம், அவ்வளவு மோசமா மறக்காது.

இப்ப நடத்தைவாதம், சோதினையிலை கூடப் புள்ளி இதுக்குத்தான், வீட்டிலை கூட உதாரணமும் இதுக்குத்தான். பின்னேரம் நாலரைக்கு எங்கட ஒழுங்கையாலை பாண் ஓட்டோ பேத்தோவனின்ரை பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். சித்தப்பா பணிஸ் வாங்குவார், நாய்க்கு ஒரு துண்டு. கொஞ்ச நாளிலை மெட்டுக் கேட்டாலே நாய் வீணி வடிச்சுக்கொண்டு கேற்றுக்கு ஓடும். இதிலை ரெண்டு பேர் இருக்கினம், கவனமாப் பிரியுங்கோ. வீணி வடியிறது பவ்லோவ், நாய் அதை நினைச்சுச் செய்யேல்லை, மெட்டும் பணிசும் சேந்து சேந்து வந்ததாலை தானா நடக்குது. கேற்றுக்கு ஓடுறது ஸ்கின்னர், ஓடினால் துண்டு கிடைச்சது, அதாலை ஓடுது. பிறகு சித்தப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டு டொக்டர் சொல்ல பணிஸ் நிண்டிட்டுது, ஓட்டோ மட்டும் வருது. முதல் கிழமை நாய் ஓடினது, அடுத்த கிழமை பாதி வழி, பேந்து படுத்த இடத்திலை இருந்து தலையை மட்டும் தூக்கிப் பாத்தது. அதுதான் அழிவுறல். நல்லா ஓய்ஞ்ச பிறகு ஒரு நாள் திடீரெண்டு எழும்பி ஓடினது பாருங்கோ, அதுக்குப் பேர் தன்னிச்சையான மீட்சி. ரெண்டு ஆள், ரெண்டு கலைச்சொல், ஒரு பணிசிலை.

பவ்லோவும் ஸ்கின்னரும் இருக்க நடுவிலை வட்சன் என்ன செய்தவர் எண்டால் சண்டையைப் பிடிச்சவர். அந்த மாம்பழக் கேள்வியை எடுங்கோ, ரெண்டு பேரின்ரை அகநோக்கல் ஒத்து வராட்டி தீர்ப்பு இல்லை, அப்ப அது விஞ்ஞானமே இல்லை, வெளியிலை கண்ணுக்குத் தெரியிற நடத்தையை மட்டும் படிப்பம் எண்டு 1913இலை ஒரு கட்டுரை எழுதினார். இந்த இடத்தை விளங்கினால் 1913 ஆர் எண்டு ஆயுசுக்கும் மறக்காது. 1920இலை ரொசலி ரேய்னரோட சேந்து அல்பேட் எண்ட குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, பின்னாலை இரும்புத் தண்டிலை சுத்தியலாலை அடிச்சுப் பயம் பழக்கினார், அந்தப் பயத்தைத் திருப்பி எடுத்தும் விடேல்லை. என்னைக் கேட்டால் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்கள் இந்த இடத்தை வேகமாத் தாண்டக் கூடாது. வட்சன் அதே வருசம் பல்கலைக்கழகத்தை விட்டு விலக வேண்டி வந்து விளம்பரக் கொம்பனிக்குப் போனார். ஸ்கின்னரின்ரை முதல் பெரிய புத்தகம் 1938. எப்ப பரிசு வரும் எண்டு தெரியாட்டித்தான் விடாமல் செய்வம் எண்டு அவர் காட்டினதை, லொத்தர் ரிக்கற் சுரண்டுற ஆக்களைப் பாத்தே விளங்கலாம்.

கெஸ்டால்ட் எண்டால் துண்டு துண்டா இல்லாமல் முழுசாப் பாக்கிற வாதம், அதுக்கு நல்லூர்த் திருவிழாவுக்குப் போங்கோ. லைட் சோடனையிலை மயில் தோகை விரிக்கும், வட்டம் சுத்தும். உண்மையிலை ஒரு பல்ப்பும் அசையேல்லை, ஒண்டு நூர மற்றது பத்துது, ஓடுறது உங்கட மனசிலை. மக்ஸ் வெர்தைமர் 1912இலை எழுதினது இதைத்தான். ரெயினிலை போகேக்கை இந்த யோசினை வந்து பிராங்போர்ட்டிலை இறங்கி விளையாட்டுக் கடையிலை படம் ஓட்டுற பொம்மை வாங்கினவர் எண்டு ஒரு கதை சொல்லுவினம். அவருக்கு ஆரோட கோவம் எண்டு இப்ப உங்களுக்கே தெரியும், துண்டு வெட்டுற கூட்டத்தோட. நோட்ஸிலை "முழுமை பகுதிகளின் கூட்டுத்தொகையிலும் பெரிது" எண்டு கிடக்கும், வெர்தைமரின்ரை கூட்டாளி கொஃப்கா சொன்னது 'பெரிது' இல்லை, 'வேறானது'. மற்றக் கூட்டாளி கோலர் தெனெரிஃப் தீவிலை சுல்தான் எண்ட சிம்பன்சிக்கு வாழைப்பழத்தை எட்டாத தூரத்திலை வைச்சார், அது ரெண்டு தடியைப் பொருத்தி எடுத்தது. அமெரிக்காக்காரர் தோண்டைக்கின்ரை பூனையள் 1898இலை பெட்டிக்குள்ளை முட்டி மோதி முயன்று தவறிப் படிச்சதோட இதை ஒப்பிட்டு எழுதினால் புள்ளி வரும்.

உளப்பகுப்பாய்வு தொடங்கின பிரொய்டை இந்த வரிசையிலை செருகாதேங்கோ, அவர் வேற காணி. ஆய்வுகூடம் இல்லை, வியன்னாவிலை ஒரு வீடு, முன்னாலை மாணவன் இல்லை, கட்டிலிலை படுத்திருக்கிற நோயாளி, இவர் தலைமாட்டுக்குப் பின்னாலை கதிரையிலை. கனவு பற்றின புத்தகம் 1899 கடைசியிலை வந்தது, அட்டையிலை 1900 எண்டு அடிச்சவை, ரெண்டு ஆண்டையும் காணுவீங்கள், குழம்பாதேங்கோ. அன்னா ஓ எண்ட நோயாளியும் இவற்றை ஆள் இல்லை, டொக்டர் புரோயரின்ரை. அட்லர் 1911இலையும் யுங் 1913இலையும் பிரிஞ்சு போச்சினம், சீடப்பிள்ளையள் பிரியிறது எங்களுக்குப் புதுசே.

ஒண்டை மறக்காதேங்கோ, 1933இலை ஹிட்லர் வந்த பிறகு வெர்தைமர், பிறகு கோலர், 1938இலை பிரொய்ட் எண்டு எல்லாரும் வெளிக்கிட்டவை. பிரொய்ட் லண்டனுக்கு, மற்ற ரெண்டு பேரும் அமெரிக்காவுக்கு. உளவியலின்ரை நடு வீடு ஜெர்மன் பேசிற நாடுகளிலை இருந்து அமெரிக்காவுக்கு மாறினதுக்கு இடப்பெயர்வும் ஒரு காரணம், எங்களுக்கு அதைப் பெரிசா விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மிச்சம் கெதியா. தோல்மன் எலியை வைச்சே நடத்தைவாதத்துக்கு ஓட்டை போட்டார், எலி வலம் இடம் மட்டும் படிக்கேல்லை, தலைக்குள்ளை வரைபடம் வைச்சிருக்குது எண்டு 1948இலை எழுதினார். றோட்டை மறிச்சிருந்த காலத்திலை எந்த ஒழுங்கையாலை பூந்து எங்க மிதக்கலாம் எண்டு சைக்கிளோட்டத்திலை தெரிஞ்சு வைச்சிருந்த ஆக்களுக்கு இது உடனை பிடிபடும். 1956இலை ஜோர்ஜ் மில்லர், ஒரே நேரத்திலை ஏழு விசயம், ரெண்டு கூடலாம் குறையலாம், அவ்வளவுதான் மனசிலை நிக்கும் எண்டார். 1959இலை மொழியியல்காரர் சொம்ஸ்கி மொழி பற்றின ஸ்கின்னரின்ரை புத்தகத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்டார், 1967இலை நைசர் புத்தகம் போட, யோசிக்கிறது ஞாபகம் வைக்கிறது எல்லாம் படிக்கிற அறிகை உளவியல் எண்ட பேர் நிலைச்சிட்டுது. மாஸ்லோ 1943, கார்ல் ரொஜர்ஸ் 1951, மானிடவாதம், ரெண்டு பக்கத்தோடையும் கோவம், மனுசன் எலியும் இல்லை, வருத்தக்காரனும் இல்லை எண்டு. மனுசன்ரை தேவையளைப் படிப்படியா அடுக்கிக் கீறுற அந்த முக்கோணம் மாஸ்லோவின்ரை 1943 கட்டுரையிலை கிடையாது, சோதினையிலை கீறுங்கோ, அவர் கீறினது எண்டு எழுதாதேங்கோ.

சொல் பிரச்சினை ஒண்டு. கவுன்சிலிங்குக்குத் தமிழ்நாட்டுப் புத்தகத்திலை 'ஆலோசனை' எண்டு கிடக்கிறதை எங்கட ஆக்கள் உளவளத்துணை எண்டுவினம், சிலர் சீர்மியம் எண்டுவினம். கொப்பியிலை மூண்டையும் பக்கத்திலை பக்கத்திலை எழுதுங்கோ.

பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின்ரை எழுத்துகளையும் தேடிப் படியுங்கோ. யாழ்ப்பாணத்திலை உளமருத்துவரா இருந்து யுத்தத்தின்ரை பாதிப்பைப் பற்றி 1998இலை புத்தகம் போட்டவர், காயப்படுறது தனி மனுசன் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேந்துதான் எண்டு பிறகும் எழுதினவர். மூண்டு கேள்வியையும் இவருக்குப் போட்டுப் பாருங்கோ. தங்கச்சி போட்டுப் பாத்துப்போட்டு "இது என்ரை அட்டவணையிலை எந்த வரி?" எண்டு கேட்டாள். ஒரு வரியும் இல்லை எண்டன்.

சோதினைக்கு முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேரை மட்டும் எழுதி, ஆர் ஆரோட சண்டை எண்டு அம்புக்குறி போடுங்கோ, பத்து நிமிசம், கொப்பியைப் பாக்கக் கூடாது. பிறகு திறந்து பாத்து, அம்பு பிழைச்ச இடத்தை மட்டும் திருப்பிப் படிச்சுப்போட்டு நேரத்துக்குப் படுங்கோ.