காடு மீட்பில் கன்றுகளைக் கொல்லும் தவறுகள்

2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. சில மாதங்கள் கழித்து, அங்குள்ள வனத் தொழிலாளர் சங்கம் ஒன்று, தான் சோதித்த இடங்களில் 90 விழுக்காடு வரை பட்டுப்போய்விட்டதாகச் சொன்னது. அரசு அதை மறுத்தது. எந்தத் தரப்பு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நட்ட கணக்கு உலகத்துக்கே தெரிகிறது, பிழைத்த கணக்கில்தான் தகராறு. காடு மீட்பு என்ற பெயரில் நடக்கும் பல வேலைகளின் நிலைமை இதுதான்.

வெட்டப்பட்ட காட்டையோ தரிசையோ தொந்தரவு செய்யாமல் விட்டால், பெரும்பாலும் தானாகவே தழைக்கப் பார்க்கும். அப்படித் தழைக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் குழி தோண்டத் தொடங்குவதே முதல் தவறு. மற்றவற்றில் பல அதிலிருந்து கிளைத்தவை.

தடை எது என்று தேடாமல் நடுவது

ஆண்டுதோறும் பற்றும் தீ, ஓயாத மேய்ச்சல், மேல்மண் அடித்துச் செல்லப்பட்ட சரிவு, தடிகளை இழுத்துச் சென்ற கனரக வண்டிகள் அழுத்தி இறுக்கிய மண், விதை வந்து விழ அருகில் ஒரு தாய் மரம்கூட இல்லாத வெறுமை என்று தடைகள் பல. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இறுகிய மண்ணில் வேர் இறங்காது, அதை முதலில் தளர்த்த வேண்டும். மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடும் சரிவில் சம உயர வரப்பும் கல்தடுப்பும் முதலில் வர வேண்டும், கன்று அதற்குப் பிறகு.

இந்தோனேசியாவின் கலிமந்தானில், நெல் விளைவிப்பதற்காக 1990களின் நடுவில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டுப் பரப்பைக் குறிவைத்துக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் பொய்த்தது. காய்ந்த சதுப்பு 1997இல் பற்றி எரிந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தாமல் நடப்படும் கன்று அடுத்த வறட்சித் தீக்குத்தான் போகும்.

தடையை நீக்கினால் என்ன நடக்கும் என்பதற்குக் கோஸ்டாரிக்காவின் குவானாகாஸ்டே நல்ல சாட்சி. மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் புல் மூடி, ஆண்டுதோறும் எரிந்துகொண்டிருந்த நிலம் அது. உயிரியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1980களில் தொடங்கிய மீட்புப் பணியின் மையம் தீத்தடுப்பு. தீ நின்றதும், எஞ்சியிருந்த காட்டுத் துண்டுகளிலிருந்து காற்றும் பறவைகளும் விலங்குகளும் விதை கொண்டுவந்தன. அதே பகுதியில் 1990களின் பிற்பாதியில், பழச்சாறு ஆலையில் மிஞ்சிய சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலும் சக்கையும் சுமார் 3 ஹெக்டேர் நிலத்தில் கொட்டப்பட்டன. 2017இல் வெளியான ஆய்வின்படி, கொட்டாத பக்கத்தைவிட அங்கே தரைக்கு மேலுள்ள தாவரத் திரள் 176 விழுக்காடு கூடியிருந்தது. அங்கே யாரும் கன்று நடவில்லை. புல்லின் ஆதிக்கம் ஒடுங்கியது, மண்ணுக்குச் சத்து கிடைத்தது, மீதியைக் காடு பார்த்துக்கொண்டது.

நைஜர் நாட்டுக் கதையை இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மராடி பகுதியில் கன்று நட்டுக்கொண்டிருந்தார், பெரும்பாலானவை செத்துக்கொண்டிருந்தன. வயல்களில் புதர் என்று எல்லோரும் வெட்டித் தள்ளியவை உண்மையில் பழைய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். மண்ணுக்கடியில் வேர்கள் உயிரோடு இருந்தன. நல்ல சில துளிர்களை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கழித்துப் பாதுகாக்கும் முறையை உழவர்கள் கைக்கொண்டார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் மீண்டன. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய நடைமுறை தளர்ந்து, தங்கள் வயலில் வளர்வது தங்களுடையது என்ற நம்பிக்கை உழவர்களுக்கு வந்ததும் இதற்கு முக்கியக் காரணம். நிலத்தில் ஆடு மாடு மேய்ப்பவரையும் விறகு எடுப்பவரையும் கேட்காமல் போடப்படும் திட்டத்துக்கு வேலி எத்தனை உயரமாக இருந்தும் பயனில்லை.

நடும் முன் எல்லாவற்றையும் மழித்துவிடுவது

எந்திரத்தை இறக்கிப் புதர், முள், பட்ட மரம் எல்லாவற்றையும் வழித்துச் சமப்படுத்திவிட்டு, நேர்கோட்டில் குழி எடுப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் வறண்ட நிலத்தில் அந்தப் புதர்தான் கன்றுக்கு நிழல். பட்டுப்போன மரம் பறவை வந்து உட்காரும் இடம், அது உட்கார்ந்தால் எச்சத்தோடு விதை விழும். ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் செய்த ஆய்வுகளில், வெட்டவெளியில் நட்டவற்றைவிடப் புதரடியில் நட்ட கன்றுகள் அதிகம் பிழைத்தன. அயல் களையை அகற்றத்தான் வேண்டும். எது களை, எது துணை என்று தெரிந்தவர் அதைச் செய்ய வேண்டும்.

மரத்துக்கு உரியதல்லாத இடத்தில் மரம் நடுவது

இதைத்தான் மிகப் பெரிய கேடாக நினைக்கிறேன். மற்ற தவறுகளில் கன்று சாகும். இதில் கன்று பிழைத்தால் அங்கே ஏற்கெனவே இருந்த உயிர்ச்சூழல் சாகும். மரமில்லாத நிலமெல்லாம் பாழான நிலம் இல்லை. இயற்கையான புல்வெளிக்கும் சவன்னாவுக்கும் சதுப்புக்கும் அவற்றுக்கே உரிய செடிகளும் விலங்குகளும் நீர் ஓட்டமும் உண்டு. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளில் வேட்டில் என்ற ஆஸ்திரேலிய மரத்தையும் தைல மரம், பைன் ஆகியவற்றையும் நட்டார்கள். வேட்டில் அங்கிருந்து தானாகவும் பரவிப் புல்வெளியை விழுங்கியது. அதை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவது இன்று தனி வேலையாகிவிட்டது.

கடலோரத்தில் இதே தவறு வேறு உருவில் நடக்கிறது. அலையாத்திக் கன்றை அலை எப்போதும் மூடிக்கிடக்கும் சேற்றிலும் கடற்புல் படுகையிலும் நடுகிறார்கள். அங்கே வேறு யாருக்கும் உரிமைச் சிக்கல் இல்லை என்பதாலும் சுலபம் என்பதாலும் அந்த இடம் தேர்வாகிறது. சுனாமிக்குப் பின் இலங்கையில் நடந்த அலையாத்தி நடவுகளை 23 இடங்களில் ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேர், தேறியது 200 முதல் 220. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தவறான இடம், தவறான இனம், பின்பராமரிப்பு இல்லாமை ஆகியவை முக்கியக் காரணங்கள்.

நாற்றங்காலில் கிடைத்ததை வாங்கி நடுவது

வேகமாக வளரும் ஒரே இனத்தை நட்டுவிட்டுக் காடு என்று பெயர் வைப்பது பரவலாக நடக்கிறது. அழிந்த காடுகளை மீட்பதற்காக 2011இல் தொடங்கிய பான் அறைகூவல் என்ற உலகளாவிய முயற்சியின்கீழ் நாடுகள் அளித்த உறுதிமொழிகளை ஆராய்ந்து, அவற்றில் 45 விழுக்காடு பரப்பு வணிகத் தோட்டங்களுக்கானது என்று 2019இல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இயற்கைக் காடு அத்தகைய தோட்டங்களைப் போல 40 மடங்கு கரிமத்தைச் சேமிக்கும் என்பதும் அவர்கள் கணிப்பு. சில ஆண்டுகளில் வெட்டப்படும் மரம் சேர்த்ததில் பெரும்பகுதி மீண்டும் காற்றுக்கே போகிறது.

அயல் இனங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மண்ணைப் பிடித்து நிறுத்த 1945இல் அலாஸ்காவிலிருந்து ஐஸ்லாந்துக்குப் போன லூபின் செடி, வெற்று மண்ணில் உண்மையாகவே நல்ல வேலை செய்தது. பிறகு அங்கே நிற்காமல், நன்றாக இருந்த தாழ்செடிப் பரப்புகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. சீமைக் கருவேலத்தின் கதையைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூர் இனமாக இருந்தாலும் கன்றின் தரம் பார்க்க வேண்டும். ஒரே தாய் மரத்தில் விதை எடுத்தால் மரபு வளம் குறுகும், ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து சாயும். பையில் அதிக நாள் கிடந்த கன்றுக்கு வேர் சுருண்டிருக்கும். அது இரண்டு மூன்று ஆண்டு நன்றாகத் தெரிந்துவிட்டுப் பெருங்காற்றில் விழும். நடுவதற்கு முன் சில பைகளைப் பிரித்து வேரைப் பார்த்தாலே போதும், யாரும் பார்ப்பதில்லை.

நட்டுவிட்டு விலகுவது

வெப்பமண்டல ஆசியாவில் 176 மீட்பு இடங்களின் தரவைத் தொகுத்து 2022இல் வெளியான ஆய்வில், நட்ட கன்றுகளில் சராசரியாக 18 விழுக்காடு முதல் ஆண்டில் இறந்திருந்தன. ஐந்தாண்டில் அது 44 விழுக்காடு. ஆனாலும் பல திட்டங்களில் பணமும் ஆளும் நடவோடு தீர்ந்துவிடுகின்றன. முதல் கோடையில் நீரும் மூடாக்கும், மழைக்குப் பின் களையெடுப்பு, உலர்பருவத்துக்கு முன் தீத்தடுப்புக் கோடு, செத்த இடத்தில் மறுநடவு, மேய்ச்சலிலிருந்து காவல் ஆகியவற்றுக்கான செலவை நடவுச் செலவோடு சேர்த்தே தொடக்கத்தில் ஒதுக்க வேண்டும். அதற்காகக் கன்றுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்க நேர்ந்தாலும் லாபம்தான்.

வளர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. முன்னோடி மரங்கள் நிழல் கட்டிய பின், அந்த நிழலில் மட்டுமே வளரும் பெருமர இனங்களைக் கொண்டுவர வேண்டும். நெருக்கமாக நட்ட இடங்களில் சிலவற்றைக் கழிக்கவும் வேண்டும். ரியோ டி ஜெனிரோவின் டிஜூக்கா மலைகளில் காப்பித் தோட்டத்துக்காகக் காடு அழிந்து நீரூற்றுகள் வற்றியபோது, 1861இல் தொடங்கிய மறுநடவு மேஜர் ஆர்ச்சரின் பொறுப்பில் 1874 வரை ஒரே கையில் தொடர்ந்தது. அந்த மலை இன்றும் காடாக இருக்கிறது.

எதை அளப்பது என்பதிலும் பிழை நேர்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மறுவளர்ச்சிக் காடுகளை ஆராய்ந்த 2021 ஆய்வின்படி, மண்வளம் 10 ஆண்டுக்குள் ஓரளவு தேறுகிறது. மரத்திரளும் இனக் கலவையும் பழைய காட்டின் நிலையை எட்ட 100 ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே ஐந்தாம் ஆண்டில் உயரத்தை மட்டும் அளந்து திருப்திப்பட வேண்டாம். நடாமல் தானாக முளைத்த கன்றுகள் எத்தனை, அவை எத்தனை இனம், மழைக்குப் பின் ஓடும் நீர் தெளிந்திருக்கிறதா என்று ஒரே இடங்களில் ஆண்டுதோறும் பார்த்துக் குறித்துவையுங்கள். தானாக முளைத்தவை கூடிக்கொண்டே போகும் இடத்தில் அடுத்த ஆண்டு நடவைக் குறைக்கலாம். ஒன்றுமே முளைக்காத இடத்தில் இன்னும் ஏதோ தடை இருக்கிறது.