வண்ணக் கத்தியைக் கெடுக்காமல் வைத்திருக்க

பினாங்கு கடைகளில் உறையோடு தொங்கும் பச்சை, மஞ்சள் கத்திகள் பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகட்டில் ஒட்டாத பூச்சு பூசியவை. பசெம்போர் என்ற காய்கறிக் கலவைக்கு வெள்ளரிக்காய், செங்குவாங் கிழங்கு சீவ அருமையானவை. துண்டு அலகில் ஒட்டாமல் வழுக்கி விழும். கோழி எலும்பு, தேங்காய், உறைந்த மீன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தகடு மெல்லியது, பக்கவாட்டில் நெம்பினால் முனை மடங்கும், விளிம்பில் பல் விழும். கம்பிநாரும் கண்ணாடிப் பலகையும் வேண்டவே வேண்டாம்.

மென்மையான பஞ்சால் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே உறையில் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு மூடிவைத்தால் பூச்சில்லாத விளிம்பில் துருப்புள்ளி வந்துவிடும். தீட்டினால் விளிம்பில் வண்ணம் போய் வெள்ளிக்கோடு தெரியும், அது பழுதில்லை. அலகின் நடுவே பூச்சு செதிள் செதிளாக உரிந்தால் மட்டும் கத்தியை மாற்றிவிடுங்கள்.